யானை கட்டித் தீனி போட்ட ஊர்

ஒரு மோட்டார் வாங்கினால் யானை ஒன்று இனாம் என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "யானைக்குத் தீனி யார் போடுவது?" என்றுதானே கேட்பீர்கள்? நானும் அதையேதான் கேட்டேன். கேட்ட இடம் பிரான்ஸ் தேசத்தின் கிழக்கு ஓரத்தில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ரயில் நிலையம். கேட்டது என் தம்பி பிள்ளை ரகுவிடம்.

ரகு அந்த ஊரில் படிக்கிறான். நானும் வீட்டுக்காரரும் பத்து நாள் அவனோடு இருந்துவிட்டு வரலாமென்று போயிருந்தோம். மாதா கோயிலைப் பார்த்தாயிற்று, வாய்க்கால் படகில் சுற்றியாயிற்று. "அத்தை, நாளைக்கு உங்களை மோல்ஸைம் அழைத்துப் போகிறேன். யானை முகப்பு வைத்த மோட்டார் பிறந்த ஊர்" என்றான். மூக்கு நுனியில் வெள்ளியில் வார்த்த யானை, பின்னங்காலில் நின்று துதிக்கையை உயரத் தூக்கிக்கொண்டிருக்குமாம். "ஹேலோ கார் என்று சொல்வார்கள் அத்தை. கம்பெனிக்கே ஒரு ஒளி வருமே, அதற்காகச் செய்வது."

சாமி படத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடுகிறார்கள் அல்லவா? அதற்குத்தான் இங்கிலீஷில் ஹேலோ என்று பெயர். ஜவுளிக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் ஒரு லட்ச ரூபாய்ப் புடவையைக் கட்டி நிறுத்துகிறாரே, அந்தத் தந்திரந்தான். அதை நாம் வாங்கப் போவதில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஆயிரம் ரூபாய்ப் புடவை வாங்குவோம் என்று அவருக்கு நம்பிக்கை. வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி. முப்பது வருஷம் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்று ஓய்வு பெற்ற எங்கள் வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டதும் கண்ணில் ஒளி வந்துவிட்டது. ஒளிவட்டத்தைப் பற்றியல்ல, கணக்கைப் பற்றி!

ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து மோல்ஸைமுக்கு ரயிலில் அரை மணிகூட ஆகவில்லை. வழியெல்லாம் தட்டை வயல். ஊரை நெருங்கும்போது குன்றுச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. சின்ன ஊர்தான். நடுச் சதுக்கத்தில் 'மெட்சிக்' என்று ஒரு பழைய கட்டடம். நானூறு வருஷத்துக்கு முன் இறைச்சிக் கடைக்காரர்களின் சங்கம் கட்டியதாம். இறைச்சி விற்றவர்கள் எழுப்பிய மாளிகைக்கு எத்தனை அழகான படிக்கட்டு! கூரை முகட்டிலே நாரை கூடு கட்டும் தேசம் இது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தேன்.

இந்த ஊருக்கு 1909-ல் ஓர் இத்தாலியர் வந்து சேர்ந்தார். பெயர் எட்டோரே புகாட்டி. மிலான் நகரத்தில் பிறந்தவர். அப்போது மோல்ஸைம் ஜெர்மனியைச் சேர்ந்தது. முதல் உலக யுத்தம் முடிந்ததும் பிரான்ஸுக்கு வந்துவிட்டது. ஆக, இத்தாலியர் ஜெர்மனியில் ஆரம்பித்த கம்பெனி பிரெஞ்சுப் பெருமையாக மாறிற்று! பழைய சாயப் பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து மோட்டார் கட்டத் தொடங்கினார். பந்தயங்களில் அவர் வண்டிகள் ஜெயித்துக்கொண்டே இருந்தன. நல்ல ஜாதிக் குதிரைகள் வளர்த்தார். மோட்டார் வாங்க வருகிறவர்கள் தங்குவதற்குத் தனியாக ஒரு விடுதியே வைத்திருந்தார். மனிதருக்குப் பிரபு மனசு.

ஒரு நாள் விருந்தில் ஓர் ஆங்கிலச் சீமாட்டி, "வேகமாகப் போவதற்கு உங்கள் வண்டிதான். ஆனால் கௌரவமாகப் போவதற்கு ரோல்ஸ்-ராய்ஸ் அல்லவா வேண்டும்?" என்று சொல்லிவிட்டாளாம். கதையாக இருக்கலாம்; ஆனாலும் ஒரு பெண்பிள்ளை போகிற போக்கில் சொன்ன வார்த்தை ஆண்பிள்ளை மனசில் எப்படி வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததா! அரசர்கள் மட்டுமே ஏறத்தக்க வண்டி ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். அதுதான் 'ராயல்'. நீளம் இருபது அடிக்கு மேல், எடை சுமார் மூன்று டன், என்ஜின் கிட்டத்தட்ட 13 லிட்டர். அடிச்சட்டமும் என்ஜினும் மட்டுமே அந்தக் காலத்தில் 30,000 டாலர் என்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு ஃபோர்டு மோட்டாரை 500 டாலருக்கு வீட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம் என்றிருந்த காலம் அது.

முகப்பில் வைத்த யானை அவருடைய தம்பி ரெம்ப்ராண்ட் செய்த சிற்பம். மிருகக் காட்சி சாலையில் நாள் முழுதும் உட்கார்ந்து யானையையும் சிறுத்தையையும் பார்த்துப் பார்த்து வடித்த கலைஞர். 1916-ல், முப்பத்தொரு வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ராயல் வண்டியை அவர் பார்த்ததே இல்லை. பத்து வருஷங்கழித்து அண்ணன் தம் ஆசை வண்டியின் நெற்றியில் தம்பியின் யானையை எடுத்து வைத்தார். அந்த வெள்ளி யானையைப் பற்றி எனக்கிருந்த கேலி இதைக் கேட்டதும் போய்விட்டது.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். 25 வண்டி செய்வதாகத் திட்டம். 1929 கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. உலகம் முழுதும் பணம் வற்றிப்போயிற்று. கட்டிய வண்டி ஆறு. வெளியாருக்கு விற்றது மூன்றே மூன்று! அரசர் ஒருவர்கூட வாங்கவில்லை. முதலில் வாங்கியவர் பாரிஸில் துணி வியாபாரம் செய்த எஸ்டெர்ஸ் என்பவர். "ராத்திரியில் நான் வண்டி ஓட்டுவதில்லை, முன் விளக்கு வேண்டாம்" என்று சொல்லி, விளக்கில்லாமல் செய்து வாங்கிக்கொண்டாராம்.

"அப்போ அதோடு கம்பெனி மூழ்கியிருக்க வேண்டுமே?" என்றார் இவர்.

மூழ்கத்தான் பார்த்தது. பட்டறையில் விற்காத என்ஜின்கள். வாசலில் சம்பளத்துக்குக் காத்து நிற்கும் தொழிலாளிகள். அப்போது பிரெஞ்சு ரயில் கம்பெனிகள் வேகமான சிறு ரயில்களைத் தேடிக்கொண்டிருந்தன. அரசருக்கென்று செய்த என்ஜினை எடுத்து, வலுவைக் கொஞ்சம் குறைத்து, ஒரு ரயில் பெட்டிக்குள் இரண்டு, சிலவற்றில் நான்கு என்று பொருத்திவிட்டார்கள். 1933-ல் முதல் ரயில் மோட்டார் பாரிஸிலிருந்து கடற்கரை ஊரான தோவில் வரை ஓடிற்று. மொத்தம் 88 செய்தார்கள். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 196 கிலோமீட்டர் தொட்டதாகச் சொல்கிறார்கள். கடைசி வண்டி ஓய்வு பெற்றது 1958-ல்! அரசர் ஏற மறுத்த என்ஜின் இருபத்தைந்து வருஷம் டிக்கெட் வாங்கியவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது. மோல்ஸைம் வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த ரயிலால்தான். யானை வைத்த வண்டியால் அல்ல.

பிறகு வந்தது நல்ல காலமல்ல. 1936-ல் பிரான்ஸ் எங்கும் வேலை நிறுத்தம் பரவிற்று. மோல்ஸைமிலும் தொழிலாளிகள் பட்டறைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டோரே மனம் நொந்து பாரிஸுக்குப் போய்விட்டார். தொழிற்சாலை மூத்த பிள்ளை ஜான் கைக்கு வந்தது. 1939 ஆகஸ்டில் ஊருக்குப் பக்கத்துச் சாலையில் ஒரு பந்தய வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்த சைக்கிள்காரர் மேல் மோதாதிருக்க ஜான் வண்டியைத் திருப்பினார். மரத்தில் மோதி உயிர் போயிற்று. வயது முப்பது. தகப்பனார் 1947-ல் போய்ச் சேர்ந்தார். பக்கத்து ஊரான டோர்லிஸைமில் குடும்பக் கல்லறை இருக்கிறது. பூச்செண்டு விற்கும் கடை எதுவும் வழியில் அகப்படவில்லை. சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

இப்போது புகாட்டி வண்டி செய்கிற பட்டறையும் இங்கேதான், சென்ழான் மாளிகைத் தோட்டத்தில் இருக்கிறது. அழைப்பு இருந்தால்தான் கதவு திறக்கும். நமக்கு யார் அழைப்பு அனுப்பப் போகிறார்கள்! வேலிக்கு வெளியே நின்று புல்தரையைப் பார்த்தோம். ஊருக்குள் பழைய மடாலயத்தில் ஒரு பொருட்காட்சி சாலை உண்டு. புகாட்டி குடும்பத்துச் சாமான்களை அங்கே காணலாம். வருஷம் முழுதும் திறந்திராது, விசாரித்துக்கொண்டு போங்கள்.

மத்தியானம் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். இந்தப் பக்கத்தில் 'குகல்ஹோப்' என்று ஒரு கேக், நடுவில் ஓட்டை, மேலே பாதாம், உள்ளே திராட்சை. முட்டை சேர்ந்தது என்பதால் நான் வேடிக்கை பார்த்தேன். இவர் வேடிக்கை பார்க்கவில்லை. ரகு இரண்டாவது கதையை ஆரம்பித்தான்.

1997-ல் ஜப்பானில், டோக்கியோவிலிருந்து நகோயா போகிற ரயிலில், ஃபோக்ஸ்வேகன் கம்பெனித் தலைவர் பெர்டினாண்ட் பியெக் ஒரு காகித உறையின் பின்புறத்தில் மகா பெரிய என்ஜின் ஒன்றைக் கிறுக்கினாராம். (இந்த ஊர்க் கதையில் ரயில் குறுக்கே வராத இடமே இல்லை, பாருங்கள்!) ஃபோக்ஸ்வேகன் என்றால் 'மக்கள் மோட்டார்' என்று அர்த்தம். மக்கள் மோட்டார்க்காரர் அடுத்த வருஷம் புகாட்டிப் பெயரை விலைக்கு வாங்கினார். 2005-ல் மோல்ஸைமிலிருந்து 'வெய்ரான்' வெளிவந்தது. பதினாறு சிலிண்டர், 1001 குதிரை சக்தி, மணிக்கு 407 கிலோமீட்டர் வேகம். சூடு தணிக்க மட்டும் பத்து ரேடியேட்டர்! முழு வேகத்தில் விட்டால் நூறு லிட்டர் பெட்ரோல் சுமார் 12 நிமிஷத்தில் காலியாகும். விலை, வரி நீங்கலாகவே 10 லட்சம் யூரோவுக்கு மேல். 2015 வரை 450 வண்டிகள் விற்றன.

"அவ்வளவு விலைக்கு விற்றால் நல்ல லாபந்தானே?" என்றேன்.

"அங்கேதான் அத்தை வேடிக்கை. 2013-ல் பங்குச் சந்தை ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு மதிப்பீடு போட்டார்கள். வண்டி ஒன்றுக்குச் சுமார் 46 லட்சம் யூரோ நஷ்டம்!"

எனக்குப் பகீரென்றது. கம்பெனி ஒப்புக்கொண்ட கணக்கல்ல, வெளியார் போட்டது. இருந்தாலும் விற்ற விலையைப் போல நாலு மடங்கு நஷ்டமா? இவர் அதற்குள் கைக்குட்டைக் காகிதத்தில் பென்சிலால் ஆரம்பித்துவிட்டார். 46 லட்சத்தை 450-ஆல் பெருக்கினால் 207 கோடி யூரோ. அந்தப் பத்து வருஷத்தில் ஃபோக்ஸ்வேகன் குடும்பம் வருஷத்துக்குச் சராசரி 70 லட்சத்துக்குக் குறையாமல் மோட்டார் விற்றிருக்கிறது. மொத்தம் 7 கோடிக்கு மேல். "பகிர்ந்து போட்டால் ஒரு மோட்டாருக்கு 30 யூரோகூட வரவில்லை. விளம்பரக் கணக்கில் எழுதிவிடலாம்" என்று பென்சிலை வைத்தார்.

"பார்த்தீர்களா மாமா!" என்று ரகு குதித்தான். "30 யூரோவில் கம்பெனிக்கே மவுசு! உலகத்திலே வேகமான வண்டியைச் செய்த இஞ்சினீயர்கள்தான் எங்கள் சின்ன வண்டியையும் செய்கிறார்கள் என்று நினைப்பார்கள் இல்லையா?"

"நினைத்து வாங்கினார்களா?" என்று நான் கேட்டேன்.

ரகுவிடம் பதில் இல்லை. அவனிடம் மட்டுமல்ல, யாரிடமும் இல்லை. புடவைக் கடைக் கண்ணாடிப் பெட்டியால் எத்தனை சாதாப் புடவை கூடுதலாக விற்றது என்று எந்தக் கடைக்காரரால் எழுதிக் காட்ட முடியும்? பெரிய வண்டியில் கற்ற வித்தை சின்ன வண்டிக்கு இறங்கி வரும் என்பார்கள். வெய்ரானின் பெரிய பெருமைகளில் ஒன்று, இரண்டு கிளட்ச் வைத்துக் கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாற்றும் பெட்டி. ஆனால் அந்த ரகப் பெட்டி ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் வண்டிக்கு 2003-லேயே வந்துவிட்டது. தம்பி கற்று இரண்டு வருஷம் கழித்துத்தான் அண்ணன் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெய்ரான் முடிந்த அதே 2015-ல், டீசல் புகைச் சோதனையில் ஃபோக்ஸ்வேகன் செய்த மோசடி அமெரிக்காவில் அம்பலமாயிற்று. அபராதமும் நஷ்டஈடுமாக 3,000 கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. பத்து வருஷம் காசு கொட்டி ஏற்றிவைத்த ஒளிவட்டம் அந்த இருட்டில் ஒரு மெழுகுவத்தி அளவுகூட உதவவில்லை. 2021-ல் புகாட்டியை, குரோஷியாவில் மின்சார மோட்டார் செய்யும் ரிமாட்ஸ் என்ற இளைஞரின் கம்பெனியோடு சேர்த்துக் கூட்டுக் கம்பெனியாக்கினார்கள்; பெரும் பங்கு அவர் பக்கம் போயிற்று.

ஆனால் மோல்ஸைமுக்கு லாபம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பழைய புகாட்டிப் பட்டறைகளில் இப்போது விமானச் சக்கரமும் பிரேக்கும் தயாராகின்றன. அதற்குப் பக்கத்திலே மறுபடியும் மோட்டார் கட்டுகிறார்கள், கையால், நிதானமாக. பணம் கொடுத்தது ஜெர்மனி. வேலை கிடைத்தது இந்தச் சின்ன ஊருக்கு. எல்லாத் தீனியும் யானை வயிற்றுக்கே போய்விடுவதில்லை. பாகன் குடும்பமும் சாப்பிடுகிறது.

மறுநாள் தெற்கே முலூஸ் நகரத்துக்குப் போனோம். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். யானையை நேரில் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். பழைய கம்பளி நூல் ஆலை ஒன்றே மோட்டார்ப் பொருட்காட்சி சாலை. உள்ளே நுழைந்ததும் பாரிஸ் பாலத்து விளக்குக் கம்பங்களைப் போலவே செய்த நூற்றுக்கணக்கான கம்பங்கள். அவற்றின் கீழே நானூறு மோட்டார்கள் வரிசையாக. புகாட்டி மட்டும் நூற்றுக்கு மேல்!

இதைச் சேர்த்தவர்கள் ஷ்லும்ப் சகோதரர்கள், ஆலை முதலாளிகள். தாயாரின் நினைவுக்காக என்று ஆரம்பித்து, யாருக்கும் காட்டாமல் சேர்த்தார்கள். 1976-ல் ஆலைகள் நொடித்தன, வேலை போயிற்று, சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளிகள் இந்தக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். தங்கள் சம்பளத்துக்குப் பணமில்லை என்று சொன்ன முதலாளிகளின் வீட்டில், துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த நானூறு மோட்டார்களைக் கண்டார்கள். நூற்பாலைத் தொழிலே அப்போது ஐரோப்பாவில் நலிந்திருந்தது. மோட்டார்தான் ஆலையை விழுங்கிற்று என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் கதவைத் திறந்த அந்த நிமிஷத்தில், ஒரு நூற்புக்காரியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு வருஷம் அவர்கள் காவலில் இருந்தது. ஆத்திரத்தில் அடித்து நொறுக்கிவிடாமல், ஊராரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். 1982 முதல் எல்லாருக்கும் திறந்த காட்சி சாலை.

ராயல் இங்கே இரண்டு இருக்கின்றன. எஸ்டெர்ஸின் விளக்கில்லாத வண்டிக்குப் பிரதி ஒன்றும் செய்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் சக்கரம் என் இடுப்புக்கு வருகிறது. யானை நான் நினைத்ததைவிடச் சின்னது; கையில் எடுத்துப் பூஜை அலமாரியில் வைக்கலாம் போல.

இதன் உடன்பிறப்பு ஒன்றின் கதையை ரகு சொன்னான். யுத்தம் முடிந்த கஷ்ட காலத்தில், 1950-ல், புகாட்டியின் மகள் இரண்டு ராயல் வண்டிகளை ஓர் அமெரிக்கருக்குக் கொடுத்தார். கொஞ்சம் பணமும், அப்போது பிரான்ஸில் கிடைக்காத இரண்டு குளிர்பதனப் பெட்டிகளும் விலையாம்! அந்த இரண்டில் ஒன்று 1987-ல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுனுக்குப் போயிற்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே. அந்தப் பொன் செய்தவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் கைக்குழந்தையும் கோடைக்காலமுமாக இருந்தால் நானும் பெட்டியைத்தான் கேட்டு வாங்கியிருப்பேன்.

பொழுது இருந்தது. டிராம் ஏறி ஊரின் இன்னொரு கோடியிலுள்ள ரயில் பொருட்காட்சி சாலைக்குப் போனோம். பெரிய பெரிய நீராவி என்ஜின்களைத் தாண்டிப் போனால், அங்கே நிற்கிறது மோல்ஸைமில் பிறந்த ரயில் மோட்டார். 88-ல் மிஞ்சியது இது ஒன்றுதான். முன்னும் பின்னும் சரிந்த மூக்கு. உள்ளே மெத்தை போட்ட ஆசனங்கள். வயிற்றிலே ராயல் என்ஜின்.

ரகு மூக்குப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தான். "அத்தை, இதற்கு யானையே வைக்கவில்லையே!" என்றான், ஏமாற்றத்தோடு.

வண்டி ஓட்டி உட்காரும் இடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சரியாக நடுவில், கூரைக்கு மேலே, அம்பாரி மாதிரி ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு. இவர் அதைச் சுட்டிக் காட்டினார்.

"நிமிர்ந்து பாருடா. பாகன் உட்காருகிற இடம் அதோ இருக்கிறது!"